பிள்ளை திருந்த சட்டத்தில் வழி இருக்கிறது

தோட்டத்தில் ஒரு பையன் தப்புச் செய்து பிடிபட்டால் என்ன நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கடையில் கை வைத்திருப்பான். அல்லது திருவிழா இரவில் கல்லெறிந்து வேன் கண்ணாடியை உடைத்திருப்பான். சில இடங்களில் அடி உதையோடு விஷயம் மறைக்கப்படுகிறது. சில வீடுகளில் தாய் காதுத் தோட்டை அடகு வைத்து நட்டத்தைக் கட்டுகிறாள். பொலிசுக்குப் போய்விட்டால், "ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வா" என்று யாராவது சொல்லிக் கொடுக்கிறார்கள். பிணைக்கு ஆள் கிடைக்காதவன் விளக்கமறியலுக்குப் போகிறான்.

இவற்றில் எதுவும் பிள்ளையைத் திருத்துவதில்லை. சவுக்கடி, பிரம்படித் தண்டனைகளை 2005ஆம் ஆண்டின் சட்டம் நீக்கிவிட்டது. நீதிமன்றமே அடிக்கச் சொல்ல முடியாத பிள்ளையைக் கட்டிவைத்து அடிக்க நமக்கு யார் உரிமை தந்தது? அபராதம் கட்டினால் வழக்கு முடிந்தது என்று நினைப்பதும் தவறு. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது குற்றத் தீர்ப்பு. நாளை வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்கும்போது அந்தப் பழைய வழக்கு வந்து நிற்கும்.

சட்டத்தில் வேறு வழிகள் இருக்கின்றன. 2018ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தான் செய்ததை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று நீதவான் பார்க்க வேண்டும். அதற்கு மேற்பட்டவர்களையும் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வீட்டிலேயே விட 1944ஆம் ஆண்டு முதல் சட்டம் இருக்கிறது. சிறிய குற்றங்களில், குற்றவாளி என்று தீர்க்காமலே நிபந்தனையோடு விடுவிக்கவும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு இடம் தருகிறது.

வளர்ந்த இளைஞர்களுக்கு 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க சமுதாயம்சார் சீர்திருத்தச் சட்டம் உண்டு. சிறைக்குப் பதிலாகப் பொது இடங்களில் குறிப்பிட்ட மணித்தியாலங்கள் வேலை செய்யும்படி நீதவான் கட்டளையிடலாம். உளவள ஆலோசனை, தொழிற்பயிற்சி, போதையிலிருந்து மீள உதவி ஆகியவற்றையும் சேர்க்கலாம். ஒழுங்காகப் போகாதவனை நீதிமன்றம் மறுபடி அழைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

சிறு காயம், சொத்துச் சேதம் போன்றவற்றை 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கலாம். உடைத்தவனும் இழந்தவனும் நேருக்கு நேர் உட்கார்ந்து நட்டஈட்டை முடிவு செய்வதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. இழந்தவரும் பெரும்பாலும் நம்மில் ஒருவர்தான். கடனுக்குச் சாமான் தரும் சிறு கடைக்காரரின் நட்டத்தை, "பையன்தானே" என்று தட்டிக்கழிப்பது நியாயமில்லை.

இந்த வழிகளைச் சங்கம் வரவேற்கிறது. ஆனால் இரண்டு விஷயங்களில் உறுதியாக நிற்கிறது.

முதலாவது, பொதுச் சேவை பொதுவுக்கே போக வேண்டும். பாடசாலை, ஆஸ்பத்திரி, வாசிகசாலை, பாதை இவற்றுக்காக ஒரு பையன் உழைத்தால் ஊர் அவனை மறுபடி மதிக்கும். "பொலிசுக்குப் போகாமல் விடுகிறோம், மலையில் பத்து நாள் சும்மா வேலை செய்யட்டும்" என்று நிர்வாகம் சொன்னால் அது சேவையில்லை, சம்பளமில்லாத வேலை. வேலையை விட்டுப் போனதற்கே நம் பாட்டன்மாரைச் சிறைக்கு அனுப்பிய சட்டம் இந்த நாட்டில் இருந்தது. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. அதைப் பின்கதவால் வரவிட மாட்டோம். நீதிமன்றக் கட்டளை இல்லாத எந்தத் தண்டனை வேலைக்கும் தலைவர்மார் சம்மதிக்கக் கூடாது.

இரண்டாவது, நட்டஈட்டின் பாரம் பையன் மேலேயே விழ வேண்டும். தாயின் சம்பளத்தில் வெட்டிக் கட்டினால் தண்டனை அனுபவிப்பது கொழுந்துக் கூடை சுமப்பவள். பையனுக்கு ஒன்றும் உறைக்காது. உழைக்கும் வயதுப் பையன் என்றால் தவணை முறையில் தன் உழைப்பிலிருந்து கட்டட்டும். பள்ளி போகும் பிள்ளை என்றால் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, உடைத்ததைச் சீர்செய்ய உதவட்டும். பள்ளியை விட்டு நிறுத்தி வேலைக்கு அனுப்பிக் கடனை அடைப்பது திருத்தமாகாது.

இவையெல்லாம் கேட்டால்தான் கிடைக்கும். பெற்றோர் பொலிஸ் நிலையத்தில் விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. தமிழில் பேச, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பைப் பெற அரசியலமைப்பு உரிமை தருகிறது. வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம். பிள்ளையை யாராவது துன்புறுத்தினால் 1929க்கு அழைக்கலாம். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தால் பயந்து ஒளிக்காமல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவர் எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் நீதவான் முடிவெடுப்பார்.

தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சம்பளப் பிரச்சினைக்கு ஆபீசுக்கு வருவதுபோல, பிள்ளையைப் பொலிஸ் பிடித்துப்போன அன்றே பெற்றோரோடு கூடப் போங்கள். பிணைக்கு ஆள் தேடிக் கொடுங்கள். கட்டளைப்படி சேவை செய்ய வரும் பையனைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்று லயத்தில் சொல்லி வையுங்கள். வேலையை முடித்துக் கடனைத் தீர்த்த பிறகும் அவனைக் "கள்ளன்" என்றே கூப்பிட்டால், எந்தச் சட்டமும் அவனைத் திருத்தாது.