படைக்கலம் ஏந்தாதோர் பணி

போர் முடிந்தபின் வரலாறு படைத்தலைவர்களை எண்ணுகிறது. மாண்ட வீரர்களை எண்ணுகிறது. படைக்கலம் ஏந்தாமல் களம் சென்றோரை எண்ண மறந்துவிடுகிறது. அவ்வாறு மறக்கப்பட்ட பட்டதாரிப் பெண்கள் சிலரைப் பற்றிச் சிந்திக்க விழைகிறோம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கப் பெண்கள், கடல் கடந்து சென்ற தம் நாட்டு வீரர்களுக்குக் காப்பியும் 'டோநட்' என்னும் வளைய இனிப்பும் வழங்கினர். 'டோநட் டாலி' என்ற பெயர் அவர்களுக்கு வழங்கலாயிற்று. 1953இல் கொரியாவில் அச்சங்கம் பொழுதுபோக்குப் பணித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1965 முதல் 1972 வரை அத்திட்டத்தின்கீழ் வியட்நாமில் பணியாற்றிய பெண்கள் 627 பேர். மணமாகாதவராகவும் கல்லூரிப் பட்டம் பெற்றவராகவும் இருத்தல் வேண்டும் என்பது விதி. அவர்களின் பணிக்காலம் ஓராண்டு.

இளநீலச் சீருடையணிந்த அப்பெண்கள் ஹெலிகாப்டரில் ஏறிக் காட்டிடைப் பாசறைகளுக்குச் சென்றனர். தாமே அட்டையிலும் பலகையிலும் ஆக்கிய வினாடி வினா விளையாட்டுகளை நடத்தினர். மருத்துவமனைகளில் காயமுற்றோரின் படுக்கையருகே அமர்ந்து உரையாடினர். கல்லூரியில் பெற்ற கல்வியே அவர்கள் கொண்டுசென்ற கருவி. அத்தகையோரைப் 'பொம்மை' என்று பொருள்படும் சொல்லால் அழைத்தது அன்பினால் எனினும், அவர்தம் அறிவுக்கு உரிய மதிப்பை அது தரவில்லை என்றே கருதுகிறோம்.

பல இலட்சம் வியட்நாம் மக்களை மாய்த்த போரில் வீரர்களை மகிழ்விப்பது அப்போருக்குத் துணைபோவதன்றோ எனச் சிலர் வினவலாம். புறந்தள்ளக்கூடிய வினாவன்று இது. அப்போரை நாமும் ஏற்கவில்லை. ஆயினும் போரை விதித்தோர் வேறு. அதிற் சிக்கி அஞ்சி நின்ற பத்தொன்பது வயது இளைஞன் வேறு. அவன் மனிதன் என்பதை அவனுக்கு நினைவூட்டியவரைப் போரை விதித்தோருடன் சேர்த்து எண்ணுதல் நீதியாகாது.

அப்பெண்களுள் மூவர் அம்மண்ணிலேயே உயிர்நீத்தனர். ஒருவர் வாகன விபத்திலும், ஒருவர் நோயாலும் மாண்டனர். மற்றொருவர் தங்குமிடத்திலேயே கொலையுண்டார். வாஷிங்டனில் 1982இல் எழுந்த நினைவுச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அவற்றுள் பெண்கள் எண்மர். அனைவரும் படைச் செவிலியர். படையினர் அல்லர் என்பதால் செஞ்சிலுவைப் பெண்கள் மூவருக்கும் அச்சுவரில் இடமில்லை. உயிருடன் திரும்பியோருக்கும் முன்னாள் படைவீரர்க்குரிய சலுகைகள் இல்லை.

விதியின்படி இது சரியாக இருக்கலாம். அறத்தின்படி சரியாகுமா? பதவியின் பெயரைக் கொண்டு தொண்டை அளப்பது எளிது. தொண்டின் தன்மையைக் கொண்டு அளப்பதே நேர்மை. பட்டம் பெறவிருக்கும் மாணவ மாணவியர் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும். பதக்கம் தராத பணியையும் மதிக்கும் உள்ளம் வாய்க்குமாயின், அதுவே கற்ற கல்வியின் பயன் என்போம்.