ஊசியைத் திட்டாதீங்க, குப்பி திறந்த நேரத்தைக் கேளுங்க

1/ தட்டம்மை-ரூபெல்லா ஊசி பத்தி எழுதினாலே கீழே ஒரு கேள்வி வந்துடும்: "திருவள்ளூரை மறந்துட்டீங்களா டாக்டர்?" மறக்கலை. 2008 ஏப்ரலில் அங்கே தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தன. அதை மறைச்சுப் பேசி யாரும் தடுப்பூசியைக் காப்பாத்த முடியாது.

2/ ஆனா "அதனால ஊசியே வேண்டாம்"னு சொல்றவங்க சமோவாவையும் பாருங்க. பசிபிக் கடல்ல சுமார் 2 லட்சம் பேர் வாழும் தீவு நாடு. 2018 ஜூலையில் எம்.எம்.ஆர். ஊசி போட்ட 2 குழந்தைகள் இறந்தன. பொடியைத் தண்ணீரில் கலக்குறதுக்குப் பதிலா, காலாவதியான மயக்க மருந்தில் கலந்திருந்தாங்க.

3/ ஊசி போடுறது மாசக்கணக்கில் நின்னுச்சு. வதந்தி நிக்கலை. 2019 கடைசியில் தட்டம்மை பரவி 83 பேர் இறந்தாங்க. பெரும்பாலும் 5 வயசுக்குக் கீழே. 2 உயிர் போனது கலக்கினவங்க தப்பால. 83 உயிர் போனது ஊசி போடாததால.

4/ தட்டம்மை மருந்து பொடியா வரும். அதோட வர்ற நீரை மட்டும்தான் கலக்கணும். கலந்த பிறகு கிருமி வளராம தடுக்க அதில் எதுவும் இல்லை. அதனால 4 மணி நேரத்துக்கு மேல அந்தக் குப்பியைத் தொடக் கூடாது. மிச்சம் எத்தனை டோஸ் இருந்தாலும் குப்பைக்குத்தான்.

5/ வேஸ்டேஜ் கணக்கு கேட்கிற அதிகாரிகளே, இதை வீண் செலவுன்னு எழுதாதீங்க. கணக்குக்குப் பயந்து ஒரு நர்ஸ் பழைய குப்பியை எடுத்தா, அந்தத் தப்பில் உங்க பங்கும் இருக்கு.

6/ பெற்றோரே, மூணு கேள்வி கேளுங்க: இது என்ன ஊசி? குப்பியை எத்தனை மணிக்குத் திறந்தீங்க? சிரிஞ்ச் புதுசா? கலந்த நேரத்தைக் குப்பி மேலேயே எழுதியிருக்கணும்.

7/ ஊசி போட்டதும் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடாதீங்க. தேனி பஸ் அடுத்ததும் வரும். உயிருக்கு ஆபத்தான அலர்ஜி பத்து லட்சம் டோஸில் ஒண்ணுங்கிற அளவுக்கு அபூர்வம். வந்தா பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துலயே வரும். அட்ரினலின் ஊசி எங்ககிட்ட இருக்கு, பஸ்ஸில் இல்லை.

8/ சக ஊழியர்களே, கேள்வி கேட்ட அம்மாவை "நீ டாக்டரா?"ன்னு மடக்காதீங்க. குப்பியை எடுத்துக் காட்டுங்க. காய்ச்சல் வரலாம், ஒரு வாரம் கழிச்சு லேசா தடிப்பு வரலாம்னு முன்னாடியே சொல்லுங்க. நாம சொல்லாததைத்தான் வாட்ஸ்அப் சொல்லுது.

9/ கேள்வி கேக்குறவங்க ஊசிக்கு எதிரி இல்லை. கேட்டுட்டு, ஒன்பது மாசம் முடிஞ்சதும் முதல் ஊசி, 16 மாசத்துலேருந்து 24 மாசத்துக்குள்ள ரெண்டாவது. ரெண்டையும் தவறாம போடுங்க.