விடுமுறைப் பயணமும் வீதியோர நெல்லும்

ஆவணி மாத விடுமுறை வந்துவிட்டால் எம்மவர் குடும்பங் குடும்பமாகக் கண்டி வீதியிற் பயணஞ் செய்கின்றனர். போரினால் 2006 ஆம் ஆண்டில் மூடுண்டு, உறவினரைப் பிரித்து வைத்த வீதி இது. இன்று பிள்ளை குட்டிகளுடன் சென்றுவர முடிவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், அவ்வீதியில் நாம் நடந்துகொள்ளும் முறை மகிழ்ச்சிக்குரியதா?

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம். கச்சான் வாங்கிக் கொறிக்கிறோம். கோவிலைக் கடந்ததும் கச்சான் கோதும் சோறு சுற்றிய பொலித்தீனும் யன்னலால் வெளியே பறக்கின்றன. அப்பால், சிறுபோக நெல்லை வீதியோரத்தில் உலரவிட்டு, கமக்காரன் வெயிலிற் காத்து நிற்கிறான். நம் வாகனம் அந்நெல்லை நெரித்துக்கொண்டு விரைகிறது. "வீதியென்ன, இவன் வீட்டு முற்றமா?" என்ற ஏளனம் வேறு!

வீதி களமன்று, அங்கே நெல் பரப்புவது ஆபத்தென்பதையும் யாம் மறுக்கவில்லை. ஆயின், போதிய உலர்தளம் இருந்தால் எவன் தார் வீதியில் நெல்லைக் கொட்டுவான்? ஈர நெல்லுக்கும் விலை குறைப்பர். நொறுங்கிய நெல்லுக்கும் விலை குறைப்பர். இருவழியும் இழப்பவன் அவனே. நம் பொதியிலிருந்த சோறும் அத்தகையோன் உழைப்பே.

பின்னிருக்கைப் பிள்ளைகள் யாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். மேடையில் மண்ணைப் போற்றிவிட்டு, வீதியில் அம்மண்ணின் உழவனை மதியாவிடிற் பயன் யாது? உலர்தளங் கேட்டுக் குரல் கொடுப்பது நம் கடன். அதுவரை, நெல்லைக் கண்ட இடத்தில் வேகத்தைக் குறைப்போம். குப்பையை வீட்டுக்கே கொண்டு செல்வோம்.