அலுமாரியில் உறங்கும் யந்திரம்

குறட்டை விடுபவரைக் கேலி செய்வது நம்மவரிடையே பழகிப்போன விளையாட்டு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டோடு வீடு ஒட்டிய ஒழுங்கைகளில் அயல்வீட்டுக் குறட்டைகூட நமக்குப் பரிச்சயம். ஆனால், அக்குறட்டை சட்டென நின்று, சிறிது நேரம் அமைதி நிலவி, பின்னர் திணறலுடன் மூச்சு மீளுமாயின் அது நகைப்புக்குரியதன்று. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து சுவாசப் பாதை அடைபடுகிறது. 10 வினாடிக்குக் குறையாத தடையை வைத்தியர்கள் ஒன்றெனக் கணக்கிடுவர். மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ நேர்ந்தால் நோய் கடுமையானது. இரத்த அழுத்தம் உயரலாம். வாகனம் ஓட்டுகையில் கண் அயரலாம்.

இதற்கான யந்திரத்தைச் சிட்னி சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் கொலின் சலிவன் கண்டுபிடித்தார். 5 நோயாளரிடம் கண்ட பலனை அவரும் சகாக்களும் 1981ஆம் ஆண்டில் 'லான்செட்' சஞ்சிகையில் வெளியிட்டனர். முகமூடி வழியே செல்லும் காற்றின் அழுத்தம் தொண்டை மூடிவிடாது தாங்குகிறது. மூக்குக்கண்ணாடியைப் போல, அணிந்திருக்கும் வரைதான் பலன்.

தொல்லை இங்கேதான். பெரும் பணம் கொடுத்து வாங்கிய யந்திரத்தைச் சில வாரங்களிலேயே அலுமாரியில் வைத்துவிடுவோர் உலகெங்கும் உளர். அவர்களைச் சோம்பேறிகள் எனல் தகாது. நோயாளி தம் மூச்சு நிற்பதைத் தாமே கண்டவரல்லர், உறங்கிக்கொண்டிருந்தவர். காணாத நோய்க்காக முகமூடியைச் சகிப்பது எளிதா? ஆகவே விளக்கமே முதல் மருந்து. நோயைப் பற்றிய அறிவும் தொடர்ந்த ஆதரவும் கிடைத்தால் அணியும் நேரம் கூடுகிறதென ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

அவ்விளக்கத்தைக் கேட்க மனைவியும் உடன் செல்லுதல் நலம். திணறலைக் கேட்ட சாட்சி அவரே. முதல் நாட்களில், பகலில் பத்திரிகை வாசிக்கும்போது அரைமணி நேரம் முகமூடியை அணிந்து பழகலாம். காற்றுக் கசிந்தால் முகத்தின் எண்ணெய்ப் பசையைக் கழுவி, வார்களைச் சரிசெய்க. தொண்டை வறண்டால் ஈரமூட்டும் பகுதியைப் பயன்படுத்துக. அதற்குக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. அழுத்தத்தை மட்டும் வைத்தியரைக் கேளாது மாற்றலாகாது.

நள்ளிரவுக்குப் பின் கழற்றிவிடுவோரும் உண்டு. விடியற்காலையில்தான் கனவு நித்திரை மிகுதி. பலருக்கு அப்போதே தடையும் அதிகம். எனவே 4 மணி நேரம் அணிந்தது நல்ல தொடக்கமேயன்றி முடிவன்று.

இல்லத்தரசியே, கணவர் முகமூடியைக் கழற்றும்போது கடிந்துகொள்ளாதீர். "எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள். பதிலை ஒரு தாளில் குறித்து, அடுத்த தடவை வைத்தியரிடம் கொடுங்கள். அலுமாரிக்குள் போகவிருந்த யந்திரத்தை அச்சிறு தாள் கட்டிலருகே நிறுத்திவிடக்கூடும்.