கன்னத்துக்கு ஒரு முட்டு

துப்பாக்கி சுடுவதற்கு முக்கியமாக என்ன வேண்டும்? கண் என்பீர்கள். விரல் என்பீர்கள். 'தைரியம்' என்று சொல்பவர்கள் தமிழ் சினிமா அதிகம் பார்ப்பவர்கள். என்னைக் கேட்டால், கன்னம்!

சிரிக்காதீர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது அவர் ரயில்வேயில் டிக்கெட் கலெக்டர். நம்மைப் போல் மாதச் சம்பளக்காரர். அந்தப் போட்டியில் மண்டியிட்டு, படுத்து, நின்று என்று மூன்று விதமாகச் சுட வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் தலை சாய்கிற விதம் மாறும். அதனால் இந்தப் போட்டிக்காரர்கள் துப்பாக்கிக் கட்டையில் ஒரு சின்ன சமாசாரத்தை ஏற்றி இறக்கிக்கொள்வார்கள். கன்னம் பதிகிற இடம். இங்கிலீஷில் சீக் பீஸ். நாம் கன்னத்தாங்கி என்று வைத்துக்கொள்வோம்.

கன்னம் ஒரே இடத்தில் பதிந்தால்தான் கண் ஒரே இடத்தில் நிற்கும். கண், பின் குறி, முன் குறி, இலக்கு நாலும் ஒரே கோட்டில் வரவேண்டும். வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு. இரண்டு குறிகளுக்கும் நடுவில் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அரை மில்லிமீட்டர் பிசகினால் பத்து மீட்டர் தள்ளி இருக்கிற அட்டையில் பத்து மில்லிமீட்டர் பிசகும். ஏர் ரைஃபிள் அட்டையில் பத்து மார்க் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. ரவையைவிடக் குண்டூசித் தலை பெரிசு என்றால், குண்டூசித் தலையைவிட இந்தப் புள்ளி சின்னது. பத்து மில்லிமீட்டர் தள்ளிப் போனால் பத்து, ஏழாகிவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் நான் படித்தது சங்கரன்கோவிலில், என் அக்கா வீட்டுத் திண்ணையில்.

அத்தானுக்கு நாலு விசைத்தறி. ஒரே மகள். காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்து, துப்பாக்கி சுடுவதில் ஆசை பிடித்துக்கொண்டது. செகண்ட்ஹேண்டில் ஒரு ஏர் ரைஃபிள் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கறுப்பு பிளாஸ்டிக் கட்டை. பழைய சொந்தக்காரர் யாரோ அதில் உயரமாக ஒரு பீப் சைட் மாட்டியிருந்தார். ஆறு மாதமாகப் பழகியும் அட்டையில் ஓட்டைகள் ஊத்தப்பத்தில் வெங்காயம் மாதிரி சிதறிக் கிடந்தன.

"எனக்குக் கண்ணு கோளாறுன்னு கோச் சொல்லுதாரு, மாமா" என்றாள். முகம் சின்னதாகிப் போயிருந்தது.

கண் டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. ஆறுக்கு ஆறு. ஒரு குறையும் இல்லை.

அத்தான் தனியாக என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, அடுத்த மாசம் செலக்‌ஷன். இதுலயும் தேறலைன்னா துப்பாக்கிய வித்துருவோம். புள்ள ஏங்கிப் போவுது, பாக்க முடியல."

அவளை நின்று சுடச் சொல்லிப் பக்கவாட்டில் இருந்து பார்த்தேன். கன்னம் கட்டையில் படவே இல்லை! பீப் சைட் ஓட்டைக்குள் பார்ப்பதற்காகக் கோழி மாதிரி கழுத்தை நீட்டி, தாடையை மட்டும் கட்டையில் முட்டுக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் தலை வேறு வேறு இடத்தில் நின்றது.

"கண்ண மூடிக்கோ. உனக்குச் சொகமா இருக்கிற மாதிரி கன்னத்தை வை. இப்பத் தெற. என்ன தெரியுது?"

"சைட்டோட அடிப்பக்கம் இரும்புதான் மாமா தெரியுது!"

கோளாறு கண்ணில் இல்லை, கட்டையில்.

*

ஒரே அளவுக் கட்டையை எல்லார் தோளிலும் சாத்துவது பழைய வழக்கம். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில்தான் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல். அந்தக் காலத்துக் கும்பெனிச் சிப்பாய்களின் 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியில் பின் குறியே கிடையாது. வரிசையாக நின்று எதிரிப் பக்கம் நீட்டி மொத்தமாகச் சுட வேண்டியதுதான். யாருடைய கன்னம் எங்கே இருந்தால் என்ன?

பிறகு கொஞ்சம் புத்தி வந்தது. நம்ம ஊர் போலீஸ்காரர்கள் தோளில் வெகுகாலம் தொங்கிய த்ரீ நாட் த்ரீ இருக்கிறதே, லீ என்ஃபீல்ட், அதன் அடிக்கட்டையை நாலு நீளத்தில் செய்தார்கள். லாங், நார்மல், ஷார்ட், பேன்டம். பேன்டம் என்றால் குட்டிக் கோழி ஜாதி. குள்ளமான சிப்பாய்களுக்கானது. முழுக்கை சட்டை மாதிரி நீளத்துக்கு சைஸ் வந்தது. காலர் மாதிரி உயரத்துக்கு வரவில்லை.

பெரிய போட்டிகளுக்கான ரைஃபிள்களில் இன்று எல்லாவற்றையும் திருகி மாற்றலாம். விலைதான் அத்தானின் தறி இரண்டை விற்றால்கூடக் கட்டுமா என்பது சந்தேகம். ஆகவே நாங்கள் போனது லேத் பட்டறை அண்ணாச்சியிடம்.

அண்ணாச்சி கட்டையை 'டொக் டொக்' என்று தட்டிப் பார்த்தார். "உள்ள வெறும் கூடுல்லா இது. மரம்னா ஆணி பிடிக்கும். இதுல போல்ட்ட முறுக்கினா ரெண்டு பக்கமும் அமுங்கி நொறுங்கிரும்" என்றார். தொழில் தெரிந்தவர் பேச்சே தனி.

முதலில் உயரம் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைய தினசரிப் பேப்பரை மடித்து மடித்துக் கட்டையின் மேல் வைத்து டேப் ஒட்டினோம். கண்ணை மூடு, கன்னத்தை வை, கண்ணைத் திற. இன்னும் ஒரு மடிப்பு. மறுபடி மூடு. விளையாட்டுப் பக்கத்தையும் ராசிபலனையும் சேர்த்து மடித்தபோது கத்தினாள்: "மாமா, நடுவுல வட்டமா தெரியுது!" ஸ்கேலை வைத்து அளந்தோம். பதினாலு மில்லிமீட்டர். ஆறு மாத அழுகைக்குக் காரணம் பதினாலு மில்லிமீட்டர்.

அப்புறம் வேலை. துப்பாக்கிக்குள் ரவை இல்லை என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, இரும்புப் பாகத்தைக் கழற்றித் தனியே வைத்தோம். நாலு இஞ்ச் பி.வி.சி. பைப்பில் ஒரு துண்டு வெட்டி, சூடு காட்டி இளக்கி, கட்டையின் முதுகில் துணி போட்டு அமுக்கி, குதிரைச் சேணம் மாதிரி வளைத்தார் அண்ணாச்சி. பைப் எங்கிருந்து வந்தது என்பது அக்காவுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. "ஏல, அது பாத்ரூமுக்கு வாங்கிப் போட்டதுல்லா!"

சேணத்தின் இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக நீளத் துளைகள். கட்டையில் குறுக்காக இரண்டு ஓட்டை. டேப் ஒட்டி அதன் மேல் அடையாளம் போட்டு, முதலில் சின்ன பிட், பிறகு பெரிய பிட், ட்ரில்லை மெதுவாக ஓட்டினார். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி வாயைக் கோணிக்கொள்ளும். ஓட்டைக்குள் கட்டையின் அகலத்துக்குச் சரியாகக் கடைந்த அலுமினியக் குழாய். இனி போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அழுத்தம் குழாயின் மேல், கூடு நசுங்காது. வழுவழு பிளாஸ்டிக்கில் பசை ஒட்டாது என்பதால் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி அரால்டைட் வைத்தார். ஒரு ராத்திரி காயவிட்டு, சேணத்துக்கு அடியில் சைக்கிள் டியூப், மேலே ஃபோம், கையாலேயே திருகுகிற விங் நட். முடிந்தது.

அழகு என்று சொல்ல மாட்டேன். பார்ப்பதற்குக் கால் ஒடிந்து கட்டுப் போட்ட துப்பாக்கி மாதிரி இருந்தது. ஆனால் மேலே ஏறும், கீழே இறங்கும், வைத்த இடத்தில் நிற்கும். உயரத்தைப் பேனாவால் கோடு போட்டுக் குறித்துக்கொண்டாள். பீப் சைட்டையும் திரும்பத் திருகிச் சரிசெய்தாள். முதல் பத்து ரவை பணியார அகலத்துக்குள் அடங்கியது.

செலக்‌ஷன் நடந்தது. நாலு பேர் எடுத்தார்கள். இவள் ஆறாவது.

துப்பாக்கிக்கு விலை பேச வேண்டியதுதான் என்று நினைத்தேன். அத்தான் இரண்டு அட்டைகளையும், பழையது ஒன்று புதியது ஒன்று, டியூப் லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"தறியில நூல் அறுந்தா நூலத் திட்டக் கூடாது மாப்ள. டென்ஷனப் பாக்கணும்" என்றார். "இவள ஆறு மாசமாத் திட்டிட்டோம். இன்னும் ஒரு வருசம் சுடட்டும்."

அவள் ஒன்றும் பேசாமல் அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கருவி ஒரு நூல் மாறினால் ஜாம்பவான்களுக்கும் தடுமாற்றம்தான். 2008 பெய்ஜிங்கில் ஃபைனலுக்கு முந்தைய பயிற்சிச் சுடலில் அபினவ் பிந்த்ராவின் குறி எங்கேயோ போனது. அவர் அப்போதே உலக சாம்பியன். 'எனக்குக் கண் போச்சு' என்று உட்காரவில்லை, சைட்டைத் திருகினார். கடைசி ரவையில் 10.8 எடுத்து, இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் கொண்டுவந்தார்.

நமக்கும் துப்பாக்கிக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை என்கிறீர்களா? ஆபீஸில் கழுத்து வலி, முதுகு வலி என்று தைலம் தேய்க்கிற ஆசாமிகளே, ஒரு காரியம் செய்யுங்கள். நாளைக்கு ஸீட்டில் சுகமாகச் சாய்ந்து கண்ணை மூடுங்கள். (மேனேஜர் இல்லாத நேரமாகப் பார்த்து.) திறந்தால் கம்ப்யூட்டர் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உங்கள் வயசைத் திட்டாதீர்கள். நாற்காலிக்கு அடியில் கையை விட்டால் ஒரு நெம்புகோல் தட்டுப்படும். அதுவும் கிடைக்காத ஆபீஸ் என்றால் இருக்கவே இருக்கிறது, பழைய ஃபைல் கட்டு. நாலை எடுத்துத் திரைக்கு அடியில் வையுங்கள். அந்த ஃபைல்கள் யாருக்காவது உபயோகப்பட்டதாக இருக்கட்டும்.