முட்டைக்கு விலை அறிவிக்கிறார்கள், கூலிக்கு?

அரசுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் சந்தை நடக்கிறது. பிள்ளைகள் கீரை, கொய்யா, கடலைமிட்டாய் கொண்டுவந்து கூறுகட்டி விற்கிறார்கள். பேரம் பேசுகிறார்கள், சில்லறை எண்ணுகிறார்கள், லாபக் கணக்கு எழுதுகிறார்கள். நல்ல பாடம்தான். சேலம், நாமக்கல் பக்கம் எல்லாப் பள்ளியிலும் நடக்கட்டும் என்றே நாங்களும் சொல்கிறோம்.

ஆனால், காசு இருந்தால் யாரும் எதையும் வாங்கலாம் என்பதோடு பாடத்தை முடித்தால் அது பொய்ப் பாடம். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்கப் போன தலித் பிள்ளைகளை ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். வீடியோவை நாடே பார்த்தது. பிறகு கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் காசு ஏன் செல்லவில்லை என்று எந்தக் கணக்குப் புத்தகம் சொல்லித்தரும்?

சாதியைச் சொல்லிக் கடைக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டப் பிரிவு 15(2). பொருளாதாரப் புறக்கணிப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சந்தைப் பாடம் இங்கிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்த பாடம் சத்துணவுத் தட்டிலேயே இருக்கிறது. நாமக்கல் முட்டைக்குப் பண்ணைக் கொள்முதல் விலையைத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. மறுநாள் பேப்பரில் வருகிறது. அதே பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர், கோழி எரு அள்ளுகிறவர் கூலியை யார் முடிவு செய்கிறார்? அது எந்தப் பேப்பரில் வருகிறது? பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறியில் முன்பணம் வாங்கிய குடும்பத்துப் பிள்ளைக்குக் கடன் என்றால் என்னவென்று வாத்தியார் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததை வகுப்பு கணக்கில் எடுக்கட்டும்.

சின்னப் பிள்ளைகளிடம் சாதியைப் பேசலாமா என்று கேட்பார்கள். பாஞ்சாகுளத்தில் ஊர் பேசிவிட்டதே! பள்ளி மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

தோழர்களே, 1923இல் ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து நூல் எழுதிய பொருளாதார அறிஞர் அம்பேத்கர். அவர் பெயரில் மாலை வகுப்பு நடத்தும் நாம் சந்தையும் நடத்துவோம். கல்லாப்பெட்டியில் யார், மூட்டை தூக்க யார், கூட்டிப் பெருக்க யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். வாராவாரம் மாற்றுவோம். லாபத்துக்குப் பக்கத்தில் கூலிக்கும் ஒரு கட்டம் போட்டு எழுத வைப்போம். அந்தக் கட்டம் ஏன் இவ்வளவு சிறியது என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அன்றைக்குத்தான் பொருளாதாரப் பாடம் நடந்திருக்கிறது.