விசாவில் எழுதாத வேலை

துபாயின் ஜெபல் அலியில் துறைமுகமும் அலுமினிய உருக்காலையும் 1979இல் இயங்கத் தொடங்கின. 1985இல் ஃப்ரீ ஸோன் வந்தது. வெல்டிங், கிரைண்டிங், பழைய பெயின்ட் சுரண்டுவது, ஸ்கிராப் பிரிப்பது என இத்தகைய தொழில் வட்டாரங்களில் நம் ஊர்க்காரர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் நாற்பது வயதில் நெஞ்சுவலியோடு வந்தால் சர்க்கரை, கொழுப்பு, புகை எல்லாம் விசாரிக்கிறோம். வேலை? விசாவில் ‘ஹெல்பர்’ என்றிருக்கும். கேஸ் ஷீட்டிலும் அதுவே ஏறிவிடும்.

அது போதாது. ஈயம், காட்மியம், ஆர்சனிக் மூன்றும் இதய, ரத்தநாள நோய்களுக்கான ஆபத்துக் காரணிகள் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் அறிக்கை வெளியிட்டது. ஈயம் நைட்ரிக் ஆக்சைடைக் குறைத்து நாளங்களை இறுக்குகிறது; ரத்த அழுத்தம் ஏறுகிறது. 14,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வில், டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழேயும் ஈயத்தின் அளவு கூடக்கூட இதய இறப்பு கூடியது. அந்நாட்டின் 1978ஆம் ஆண்டுத் தொழிற்சாலை விதியோ, 60ஐத் தொட்டால்தான் தொழிலாளியை உடனே விலக்கச் சொன்னது. சட்டம் பொறுத்துக்கொள்ளும் அளவை இதயம் பொறுக்காது.

2004இல் 52 நாடுகளின் தரவோடு வந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்பின் பெரும்பங்கை ஒன்பது காரணிகளால் விளக்கியது. அந்த ஒன்பதில் உலோகம் இல்லை. ஆனால் ரத்த அழுத்தத்துக்குள் ஈயமும், சிகரெட்டுக்குள் காட்மியமும் ஒளிந்திருக்கலாம்.

விசா மருத்துவச் சோதனை தேடுவது காசநோய், எச்ஐவி போன்ற தொற்றுகளை. உலோகத்தைத் தேட வேண்டியவர்கள் நாம்தான். என்ன பொருளைக் கையாளுகிறார், எத்தனை ஆண்டாக, மாஸ்க் உண்டா, வேலை உடையோடு அறைக்குத் திரும்புகிறாரா, ஊரிலிருந்து பற்பம், செந்தூரம் கொண்டுவந்து சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் சிரை ரத்தத்தில் ஈயம் பாருங்கள். சிறுநீர் ஆர்சனிக் எடுப்பதற்கு முந்தைய சில நாள்கள் மீன், இறால் வேண்டாம். அவற்றிலுள்ள தீங்கற்ற ஆர்சனிக்கே எண்ணை ஏற்றிவிடும்.

நச்சு கண்டதும் கீலேஷன் ட்ரிப் ஏற்றும் அவசரம் வேண்டாம். முன்பு மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த டாக்ட்-2 சோதனையின் முடிவு 2024இல் வந்தது: ரத்த ஈயம் 61 சதவீதம் இறங்கியும் மாரடைப்போ இறப்போ குறையவில்லை. நச்சின் ஊற்றை அடைப்பதும், அழுத்தத்தையும் கொழுப்பையும் வழக்கம்போல் கட்டுக்குள் வைப்பதுமே இதயத்துக்கான சிகிச்சை. கடும் ஈய நச்சுக்குக் கீலேஷன் கொடுப்பது வேறு விஷயம்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் தொழிலாளி உண்மையை மறைப்பார். ஆகவே சோதனை முடிவு முதலில் அவர் கைக்குத்தான் போக வேண்டும். அவர் சம்மதித்தால், அதே நிறுவனத்தில் மாற்று வேலை கேட்டுக் கடிதம் கொடுக்கலாம்.

ஊர் திரும்பியவருக்கு வேறு சிக்கல். ரத்த ஈயம் சில மாதங்களில் இறங்கிவிடும். உடலிலுள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் பல ஆண்டு கிடக்கும். ராமநாதபுரத்தில் பரிசோதிக்கும் மருத்துவருக்கு எண் சாதாரணமாகவே தெரியலாம். நம் டிஸ்சார்ஜ் சம்மரியில் செய்த வேலை, ஆண்டுகள், ஈய அளவு ஆகியவற்றை ஒரு வரியில் எழுதிவைத்தால், அங்கே அவரைப் பார்ப்பவர் தேட வேண்டியதைத் தேடுவார்.